நாலு நாள் உள்ளே இருந்தால்

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் மகன் சிரித்தான்.

அவள் பயந்த முகத்தைத் தேடினாள்.

முதல் மாதங்களில் அது இருந்தது. வலையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது என்னை வெளியே எடும்மா" என்று அழுவான். இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தோள் அகன்றிருக்கிறது. பின்னால் போகிற கைதிகள் அவன்மேல் இடிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள்.

வலைக்கு இந்தப் பக்கம் அம்மாக்கள், மனைவிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் வரும் ஒவ்வொரு முறையும் கைதியைப் பார்க்க மனு போடும் வரிசை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

"சாப்பிட்டியாடா யுவா?"

"அதெல்லாம் அண்ணன் பாத்துக்கறாரும்மா."

எந்த அண்ணன் என்று அவள் கேட்கவில்லை. வந்த புதிதில் படுக்க இடமில்லை. கக்கூஸ் ஓரம் உட்கார்ந்தபடியே தூங்கினான். பிறகு யாரோ ஓர் அண்ணன் அவனுக்குச் சுவரோரம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை.

போலீசுக்குச் சொன்னது அவள்தான்.

ஷூ கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். தையல் மிஷின்கள் ஓய்ந்திருந்தன. அன்று காலையில்தான் பைக் சீட்டுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலத்தைப் பார்த்திருந்தாள்.

அதற்கு முன்பே ஒருமுறை போதை மறுவாழ்வு மையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் செம்பருத்தி. கூடத்தில் நாலைந்து பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "கூட்டிட்டு வாங்கம்மா. பேசிப் பாக்கலாம். நாளாகும், ஆனா மீண்டு வருவாங்க" என்றார் அங்கிருந்தவர்.

கேரம் ஆடினால் திருந்திவிடுவானா?

அவனுக்குத் தேவை பயம். நாலு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். தன் பெயரைச் சொல்லவில்லை. பைக் நம்பரை மட்டும் சொன்னாள்.

அவள் பார்த்தது ஒரு பொட்டலம். அன்று சாயங்காலம் அவன் பையில் இன்னும் நிறைய இருந்தது. யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அது அவளுக்குத் தெரியாது.

நாலு நாள், ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

"அம்மா, இங்க பாரு." அவன் முகத்தை வலையோடு ஒட்டினான். "அடுத்த வாரம் வெளியே வந்துடுவேன். அண்ணனோட வக்கீலே ஜாமீன் எடுத்துட்டார்."

அவளுக்குக் கண் நிறைந்தது.

"போட்டுக் கொடுத்தது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு."

அத்தனை சத்தத்திலும் அது காதில் விழுந்தது.

"டேனிதான். அவனுக்கு மட்டும்தான் தெரியும். வந்ததும் முதல் வேலை அவன்தான்."

டேனி. பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடத்திலிருந்தே யுவாவோடு ஒன்றாகத் திரிந்தவன். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

"என்னடா பேசறே? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கறதெல்லாம் இல்லம்மா இனிமே. அண்ணன் ஆளுங்க கூட வருவாங்க."

அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லாமல் போய்விடலாம். அடுத்த வாரம் மகன் வீட்டில் இருப்பான்.

"நான்தாண்டா" என்றாள்.

"என்னது?"

"நான்தான் போன் பண்ணினேன். கம்பெனியிலேர்ந்து. நீ திருந்துவேன்னு நெனச்சேன்." கத்தினாள். "டேனிக்கு ஒண்ணும் தெரியாதுடா!"

பக்கத்தில் நின்ற பெண் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

அவன் அசையவில்லை. கட்டியிருந்த கைகள் இறங்கின. அழுத நாட்களின் முகம் ஒரு நொடி வந்துபோனது.

பிறகு சிரித்தான்.

"டேனியோட அம்மா வந்து உன் காலைப் பிடிச்சாளா?"

"சத்தியமாடா. உன்மேல சத்தியமா."

"போம்மா. பெத்தவ எவளாவது இதைச் செய்வாளா?"

விசில் அடித்தார்கள். நேரம் முடிந்தது. அவன் போனான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எல்லா அம்மாக்களும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டு ஸ்டாப்பில் இறங்கவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி, டேனியின் மெக்கானிக் கடை முன்னால் இறங்கினாள்.

அவன் ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"யுவாவைப் பாத்தீங்களாம்மா? எப்ப வரானாம்? ஜெயில் வாசல்ல நான்தான் முதல்ல நிப்பேன்."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போன் செய்ததை. மகன் சொன்னதை. அவன் நம்பாததை.

டேனி வெகுநேரம் கையைத் துடைத்தான். கிரீஸ் போகவில்லை.

"ஸ்டேஷன்ல சொல்லிடலாமாம்மா?"

சொல்லலாம். சொன்னால் யுவா மறுபடியும் உள்ளே போவான். அந்தச் சுவரோரத்துக்கு. அந்த அண்ணனிடம்.

சொல்லாவிட்டால்.

அவள் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கழற்றி வைத்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"சரி, விடுங்கம்மா" என்றான் டேனி. "என்னைப் போய் அவன் ஏதாவது பண்ணுவானா? நம்ம யுவா ஆச்சேம்மா."

பட்டப்பகல். ஸ்கூட்டர் பாதி வேலையில் நின்றது.

சொல்லிக்கொண்டே அவன் ஷட்டரை இறக்கத் தொடங்கியிருந்தான்.