சுழல்கள் நகரும் ஓசை

ஆய்வகத்து ஒலிபெருக்கியில் டிக், டிக் என்று சத்தம் கேட்கிறது. உறைகுளிரில் மின்னோட்டத்துக்குத் துளியும் தடையில்லாமல் கிடக்கும் அடுக்குப் படிகத்துக்குள் காந்தச் சுழல்கள் இடம்பெயரும் ஓசை அது. யோரிஸ் குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டு வளர்த்த படிகம். அதைச் சூழ்ந்த காந்தப்புலத்தை மெல்லக் குறைக்க வேண்டிய சஸ்கியா, அவசரத்தில் வேகத்தைப் பத்து மடங்காக வைத்துவிட்டாள். ஓசை நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. "என்னடி, சோளமா பொரிக்கிற?" ஈர மழைக்கோட்டோடு சிரித்தபடி நுழைகிறான் யோரிஸ். "குறைக்கிறத நிறுத்திட்டேன்டா. இருந்தும் சுழலெல்லாம் அது பாட்டுக்கு நகருது." படாரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த வேகம் தாங்காமல் படிகம் விரிசல் விட்டிருந்தால், அது பிடித்துவைத்திருக்கும் காந்தப்புலம் சரிந்திருக்கும், மீட்டர் காட்டிவிடும். மீட்டரின் முகப்பைச் சஸ்கியாவின் உள்ளங்கை மூடியிருக்கிறது. யோரிஸின் சிரிப்பு போய்விட்டது. "கைய எடு, சஸ்கியா." அவள் இன்னும் அழுத்தமாக மூடிக்கொள்கிறாள்.