டெலிவிஷன் பெட்டிக்குக் கிடைத்த ரசிகர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், இங்கிலாந்தில் ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளை டெலிவிஷன் பெட்டி ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஹாரல்ட் பாதி நேரம் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ஆனால் டாஃபி என்ற பூனை அப்படியில்லை. பெட்டி ஓட ஆரம்பித்ததும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தால், கடைசிவரை அசையாது.

ஒரு நாள் மத்தியானம் பியானோ கச்சேரி முடிந்ததும், “எப்படி?” என்று பெட்டி கேட்டது.

“சுகமா இருந்துச்சு,” என்றது பூனை.

“குதிரைப் பந்தயம்?”

“அதுவும் சுகம்தான்.”

“செய்திகள்கூடவா?”

“அப்பதான் ரொம்ப சுகம்.”

பெட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படியொரு ரசிகர் யாருக்குக் கிடைக்கும்!

ராத்திரி நிகழ்ச்சிகள் எல்லாம் முடிந்து, அந்நாட்டுத் தேசிய கீதமான மகாராணி வாழ்த்துப் பாட்டு வந்தது. ஹாரல்ட் எழுந்து விறைப்பாக நின்று கேட்டுவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். திரை நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறைந்தது.

“டாஃபி, ஜெயித்தது கறுப்புக் குதிரையா, வெள்ளையா?” என்று ஆசையாகக் கேட்டது பெட்டி.

“எந்தக் குதிரை?”

பெட்டிக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. தலைமேல் உட்கார்ந்தால் திரை எப்படித் தெரியும்?

“அப்போ நீ எதையுமே பார்க்கலையா?”

“நீ ஓட ஓட உன் தலை கதகதப்பா ஆகுது. அதான் வர்றேன்.”

“சரி, எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீயும் போ,” என்றது பெட்டி.

“யார் சொன்னது? இன்னும் சூடு இருக்கே,” என்று டாஃபி வாலைச் சுருட்டிக்கொண்டு நன்றாகப் படுத்துக்கொண்டது.