ஒரே உதை

"ஒரு பேட்டரி வாங்கிப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

காலை எட்டரை மணிக்கு, வாசலில் நின்று மனைவி கேட்ட கேள்வி. கணவன் காதில் விழாத மாதிரி பைக்கின் செல்ஃப் பட்டனை அமுக்கினான். வண்டி மூச்சுக் காட்டவில்லை.

"மாமா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி அவள் அப்பா வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய கால். ஒரே உதை. வண்டி உறுமியது.

"கிக்கரை உதைக்கிறதுக்கும் ஒரு பக்குவம் வேணும் மாப்ளே. பத்து தடவை உதைச்சாலும் உங்களுக்கு மசியாது."

"அதான் நீங்க இருக்கீங்களே மாமா!"

சிரித்துக்கொண்டே கிளம்பினான். தெருமுனையில் வழக்கம்போல ரெண்டு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அம்மா போன பிறகு தனியாகக் கிடந்த அப்பாவை, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருக்கிறாள். "மக வீட்ல எத்தனை நாளைக்கும்மா உட்கார்ந்து சாப்பிடறது?" என்று வந்த நாளிலிருந்தே அவருக்கு உறுத்தல். கொண்டுவந்த பையைப் பிரிக்கவே இல்லை. இதோ கிளம்பிட்டேன் என்கிற மாதிரி அது கட்டில் தலைமாட்டிலேயே நிற்கிறது. அறுபத்தெட்டு வயசுக்காரரைத் தினமும் வண்டி உதைக்க விட்டால், ஒருநாள் ரோஷம் வந்து அந்தப் பையைத் தூக்கிவிடுவார். அதுதான் அவள் பயம்.

மூன்று மாதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "பார்க்கலாம்" என்பதைத் தவிர அந்த மனுஷன் வாயில் வேறு வார்த்தை கிடையாது. சரியான கஞ்சப் பிசினாறி!

ஞாயிற்றுக்கிழமை. அவன் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருக்கோடி மெக்கானிக்கிடம் போய்விட்டாள்.

"நல்ல பேட்டரியாப் பார்த்து மாத்திடுப்பா. அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மெக்கானிக் சீட்டைக் கழற்றி, மீட்டரின் ரெண்டு ஒயரையும் பேட்டரியில் வைத்தான்.

"பன்னெண்டே முக்கால் வோல்ட் காட்டுதுக்கா. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆகலை?"

அவன் தலையைச் சொறிந்தான். "சார் சொல்லக் கூடாதுன்னாரு..."

"இப்ப நீ சொல்றியா, நான் வேற கடைக்குப் போகட்டுமா?"

"போன மாசமே புது பேட்டரி போட்டாச்சுக்கா. பழசுல ஹெட்லைட்டுகூட எரியலை. போட்ட கையோட, செல்ஃப் பட்டன் ஒயரை மட்டும் கழட்டி டேப் சுத்திடச் சொன்னாரு."

"என்ன கூத்து இது? எதுக்காம்?"

"வண்டி சரியாகிற வரைக்கும் இருந்துட்டு, அப்புறம் கிளம்பறேன்னு உங்கப்பா சொன்னாராமே? 'அப்ப இது சரியாகவே கூடாதுப்பா'ன்னாரு சார். சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல நின்னு, வேர்த்து விறுவிறுத்து அவரே உதைச்சுக்கிறாராம்."

இந்த மனுஷனையா கஞ்சன் என்று கரித்துக்கொட்டினோம்?

"சீட்டை மாட்டுப்பா. நான் வந்ததே அவருக்குத் தெரிய வேண்டாம்."

திரும்பி வந்தபோது வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"வண்டியைத் தள்ளிக்கிட்டு எங்கேம்மா போனே?"

"பேட்டரி பார்க்கத்தாம்பா. ரொம்ப வீக்காம். புதுசு வர நாளாகுமாம். அதுவரைக்கும் நீங்கதான் உதைக்கணும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அப்பா சாவியைத் திருப்பி ஹாரனை அமுக்கினார். அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை எட்டிப் பார்த்தது.

"வீக் பேட்டரி இப்படியாம்மா கத்தும்?" என்று சிரித்தார். "முன்னெல்லாம் தெருமுனையில சளி பிடிச்ச ஆடு மாதிரி முனகும். போன மாசம் ஒருநாள் திடீர்னு இந்தச் சத்தம். செல்ஃபைக் கழட்டி விடத் தெரிஞ்சவருக்கு, ஹாரன் அடிக்காமப் போகத் தெரியலை பாரு! லாரிக்காரன்கிட்டயே வேலையைக் காட்டுறாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லாம் தெரிஞ்சுதான் தினமும் உதைக்கிறீங்களா? அப்போ... கிளம்பிடுவீங்களாப்பா?"

"எங்கே கிளம்பறது? உள்ளே போய் அந்தப் பையைத் தூக்கிப் பாரு. ஹாரன் சத்தம் கேட்ட அன்னிக்கே என் துணியெல்லாம் உங்க வீட்டு அலமாரிக்குப் போயாச்சு!"