நூல் புரதத்தின் படம்

ஒரு மூளைச் செல்லில் இரண்டு புரதங்கள் இருந்தன. ஒன்று அழகாக மடிந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அதைப் படம்பிடித்துப் புத்தகத்தில் போட்டார்கள். மற்றது நூல் மாதிரி நெளிந்தபடி, செல்லுக்குள் சரக்கு போகும் தண்டவாளத்தைத் தாங்கும். நெளிவதால் அதைப் படமெடுக்க முடியவில்லை.

"உனக்கென்னடி, அசையாம நின்னாலே படம் வந்துடுது," என்று வயிறெரிந்தது நூல்.

"நீ நெளியறதாலதான்டி தண்டவாளமே நிக்குது."

"படம் வந்தவ இதுவும் சொல்லுவ, இன்னமும் சொல்லுவ!"

நூல் தண்டவாளத்தைக் கைவிட்டு, அந்தச் செல்லில் தன்னைப் போலவே இருந்த மற்ற நூல்களோடு இறுகப் பின்னிக்கொண்டு விறைத்து நின்றது. தண்டவாளம் சரிந்தது, செல் செத்தது. அந்தப் பொறாமை பக்கத்துச் செல்களுக்கும் தொற்றியது. மூளைக்குச் சொந்தக்காரர் தன் மகளிடம், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அவர் இறந்தபின் நூலைப் படம்பிடித்தார்கள். புத்தகத்தின் அட்டையிலேயே போட்டார்கள். அடியில் நோயின் பெயர் இருந்தது.