மூடியில் இருந்த பெயர்

லேசரால் உலோகத்தில் எழுதும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு வந்திருந்த ஆக்னஸை, பரிசோதகர் கோதண்டபாணி ஈ விழுந்த டீயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இதுல என்னம்மா புதுசு? பாத்திரக் கடையில குண்டா வாங்கினா ஓசியிலயே பேர் வெட்டித் தர்றான்.”

“எழுதுறது மட்டுமில்ல சார். ஏற்கெனவே வெட்டின பேரை அடையாளமே இல்லாம அழிக்கும்.”

கோதண்டபாணி மூக்கால் சிரித்தார். பிறகு கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அதில் அவருடைய மாமனாரின் பெயர் இருந்தது. வீட்டில் கரண்டிமுதல் அண்டாவரை அந்த ஆள் கொடுத்த சீர்தான். எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். அந்த வெத்துவேட்டின் பெயரைத் திறந்துதான் கோதண்டபாணி தினமும் சோறு தின்னவேண்டியிருந்தது.

ஆக்னஸ் கையோடு கொண்டுவந்திருந்த கருவி கொஞ்சநேரம் முனகியது. மூடி மொழுமொழுவென்று திரும்பி வந்தது. விரலால் தடவினார், நகத்தால் சுரண்டினார். ஒன்றுமில்லை. வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்த ஆக்னஸை அப்போதுதான் உட்காரச் சொன்னார்.

இன்னும் பளபளக்கட்டும் என்று, மூக்குக்கண்ணாடிக்குச் செய்வதுபோல் மூடியின்மேல் வாயால் ஊதினார். படிந்த ஆவியில் மாமனார் இனிஷியலோடு எழுந்து வந்தார்.

ஆக்னஸுக்கு முகம் செத்துப்போயிற்று. கோதண்டபாணி பேனாவை ஆவலோடு திறந்தார். நிராகரிப்பதைப்போல அவருக்குப் பிடித்த வேலை வேறில்லை. ஆனால் கருவி தோற்றது என்று எழுதினால், எதை அழிக்கக் கொடுத்தார், யார் பெயர் தெரிந்தது என்றும் எழுதியாக வேண்டும்.

“நல்லாத்தாம்மா அழியுது” என்று சொல்லிவிட்டு, பெயர் மறையும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.