நீக்கப்பட்ட கேள்வி

படகுத்துறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாக நிற்பதை யுரிம் படகிலிருந்தே பார்த்தாள். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடி இறங்கினாள்.

சியோல் தேர்வு அலுவலகத்தில் புள்ளியியல் பிரிவில் இருப்பவள் அவள். விடுதிப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில், சியோல் நகரச் சுரங்க ரயிலில் எந்த நிலையத்தில் வண்டி மாற வேண்டும் என்று ஒரு கேள்வி. எழுதியது அவள்தான். தண்டவாளமே இல்லாத மோரேடோ தீவும் அதே தேர்வை எழுதும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மீன் சாப்பாட்டுக் கடைக்காரி ஒக்பூன் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கேள்வியைத் தூக்கின மேடம் நீங்கதானே? உங்க புண்ணியத்துல நம்ம பசங்க ரெண்டு பேருக்கு இடம் கிடைச்சிருச்சு!"

"அதை எழுதினதும் நான்தாங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"அட, அதான் தூக்கிட்டீங்கல்ல! சாப்பிடாம போனா படகுல ஏத்த மாட்டோம், ஆமா."

கடையில் மீன் குழம்பு கொதித்தது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ஒக்பூன்.

"மத்தக் கேள்விகள்ல ஒரே மார்க் எடுத்த நகரத்துப் பிள்ளைங்களையும் தீவுப் பிள்ளைங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் சரிசமம். இந்த ஒண்ணுல மட்டும் உங்க பிள்ளைங்க கூட்டமா சறுக்கியிருந்தாங்க. மூளை குறைச்சல் இல்ல, ரயிலைப் பார்த்ததில்ல, அவ்வளவுதான். அதனால அதை விட்டுட்டு எல்லாருக்கும் புதுசா ரேங்க் போட்டோம்."

"நியாயம்னா இது நியாயம்!"

"உங்க வீட்டுல யாராவது எழுதினாங்களா?"

"எம்பொண்ணு தல்லே எழுதினா. ஒரே ஒரு கேள்வியில போச்சு. வருஷம் பூரா காது வைத்தியம்னு சியோலுக்கும் தீவுக்கும் அலைஞ்சா, எங்க படிச்சா கழுதை!" சிரித்துக்கொண்டே ஒக்பூன் குழம்பெடுக்க உள்ளே போனாள்.

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் யுரிமுக்குச் சோறு ருசித்தது.

கிம்ச்சி ஊறுகாய்த் தட்டோடு வந்தாள் தல்லே. யுரிம் அவள் கையைத் தொட்டாள். "அடுத்த வருஷம் கண்டிப்பா கிடைக்கும்மா. அந்தக் கேள்வியால இனி யாருக்கும் நஷ்டம் இல்ல."

தல்லே அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான் அதைச் சரியா எழுதியிருந்தேன்."