கனுப்பிடி

விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்துவிட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று குளிப்பதற்கு முன் கனு வைக்க வேண்டும். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று, மஞ்சள் இலையில், முந்தின நாள் சோற்றை உருட்டி, காக்கைக்கு.

குளித்தாயிற்று. இனி வைக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை.

ஆனாலும் உட்கார முடியவில்லை. அடுப்பை இரண்டு தரம் துடைத்தாள். பால்கனிக்குப் போனாள். திரும்பினாள். மும்பையில் அந்தச் செம்பூர் அடுக்கு வீட்டின் மாடிப்படியில் தமிழ்ப் பெண்களின் பேச்சு மேலே ஏறிப்போவது கேட்டது.

கதவைச் சாத்தினாள்.

இரண்டு வருஷம் முன்பு, சென்னையில் அம்மா போனபோது, அவள் விமானத்தில் போய்க்கொண்டிருந்தாள். தம்பி வரது காத்திருக்கவில்லை, எடுத்துவிட்டான். அவள் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசல் இன்னும் ஈரமாக இருந்தது.

அதோடு சரி.

போன வருஷமும் கனு வைக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஏழரைக்குப் போன் அடித்தது. தம்பி மனைவி சுபா.

"அக்கா, கனு வச்சுட்டேளா?"

அவள் மறுபடி அடுப்பைத் துடைத்தாள்.

"வச்சுடுங்கோக்கா. எட்டரைக்கு ஆபரேஷன். ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னு சொல்லியிருக்கார்."

என்ன, எங்கே என்று கேட்பதற்குள் சுபா அழத் தொடங்கிவிட்டாள். நெஞ்சு என்பது மட்டும் புரிந்தது.

மஞ்சள் இலை வாங்கவில்லை. நேற்றுச் சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, வேண்டுமென்றே. ஃபிரிட்ஜில் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கல்லாய் இறுகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு படியேறினாள். லிஃப்ட் நினைவுக்கே வரவில்லை.

மொட்டை மாடியில் எல்லோரும் வைத்து முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு வத்சலா அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தாள். குளித்துவிட்டு வைக்கக்கூடாதே என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் கைப்பிடிச் சுவரோரம் குந்தி, வெறுந்தரையில் உருண்டை பிடித்து வைத்தாள். விரல்களில் ஒட்டியதையும் வழித்து வைத்தாள்.

காக்கைகள் வயிறு நிறைந்து தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

கா, கா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள்.

"வரது" என்று வந்தது.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு தரம் கூப்பிட்டாள். உரக்க.